பசியை நம்பாத பத்து வாரங்கள்

1

போன செவ்வாய்க்கிழமை இங்கே மருத்துவமனையில் என்னை எடை பார்த்தார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். எனக்கு இது முதல் வருடம். ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றாள் நர்ஸ். எடை மட்டும் நாலு கிலோ ஏறியிருந்தது. கணினியில் எழுதிக்கொண்டே, பசி அதிகமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் யாராவது என் பசியைப் பற்றிக் கேட்டால் எனக்கு இப்போதும் உடனே பதில் வருவதில்லை. எதற்காகக் கேட்கிறார்கள், என்ன சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வாயைத் திறக்க விடுகிறது.

நான் திருப்பூர்க்காரி. பெயர் சரஸ்வதி. நெதர்லாந்தின் தெற்குப் பக்கம் ஒரு சிறிய ஊரில் கணவரோடு பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இணையத்தில் வாங்கிய துணி பிடிக்காமல் ஜனங்கள் திருப்பி அனுப்புவார்களே, அவையெல்லாம் வந்து சேரும் கிடங்கில் எனக்கு வேலை. ஒவ்வொன்றாகப் பிரித்து, அக்குளில் வாசனை அடிக்கிறதா, ஓரத்தில் கறை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மடித்து உறை போட வேண்டும். ஒரு விருந்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, உடுத்தவே இல்லை என்று எழுதி அனுப்புகிறவர்கள் இங்கே நிறைய உண்டு. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கழுத்துப் பக்கம் இருக்கும் லேபிளைத் திருப்பினால் பாதி நேரம் நம்ம ஊர்ச் சரக்காக இருக்கும்.

ஊரில் இருந்து பேசுகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அறுவைச் சிகிச்சை வலித்ததா என்றுதான் கேட்கிறார்கள். அது பெரிய வலி இல்லை. அதற்கு முன்னால் பத்து வாரம் அருள்புரத்தில் பசியோடு இருந்தேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

2

என் அண்ணன் சிவசாமி அருள்புரத்தில் ஒரு பவர் டேபிள் வைத்திருக்கிறார். இருபது தையல் மிஷின். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. அண்ணன் மனைவிதான் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவர் பெயர் தங்கமணி.

"வாரத்துக்கு மூணு நாள் மிஷின்ல போடறாங்க அம்மிணி. ஊசி குத்தறதுக்குக் கையில எடமில்லீங்க" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. அந்த மௌனம் அரை நிமிடம் இருந்திருக்கும். நான் தருகிறேன் நங்கையா என்று சொன்னேன்.

அன்று மாலை என் மகள் யாழினியிடம் சொன்னேன். அவள் வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போவது இங்கே வழக்கம். இப்போது அவளோடு பேச வேண்டும் என்றால் முன்கூட்டிக் கேட்டு நேரம் வாங்க வேண்டியிருக்கிறது. அவள் அழவில்லை, திட்டவில்லை. அவர்கள் கேட்டார்களா, நீயாகச் சொன்னாயா என்று மட்டும் கேட்டாள். நானாகத்தான் என்றேன்.

"அந்த அரை நிமிசம் அவங்க ஏன் பேசலம்மா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு விமானத்தில் ஏறி வந்தது.

கிளம்புவதற்கு முன்பே இங்கே எடுத்து அனுப்பிய பரிசோதனைகளில் ரத்தப் பிரிவும் மற்றவையும் பொருந்தின. எடைதான் பொருந்தவில்லை. என் எடை எழுபத்தெட்டு கிலோ, என் உயரத்துக்கு அது அதிகம், எழுபத்து மூன்றுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம் என்று கோயமுத்தூர் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்குக் காத்திருக்கத் தெம்பில்லை. பத்து வாரம் கெடு.

கிடங்கு மேலாளரிடம் விடுப்புக் கேட்கப் போனேன். டச்சு மொழியில் எடை குறைவதற்கு 'அஃப்ஃபால்லன்' என்பார்கள். நான் முன்பாதியை விழுங்கிவிட்டு 'ஃபால்லன்' என்றேன். அதற்கு விழுவது என்று பொருள். இந்தியாவுக்குப் போய் இரண்டரை மாதம் விழப்போகிறேன் என்று சொன்னதும் அவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

3

அருள்புரத்தில் கீழே கம்பெனி, மேலே வீடு. போய் இறங்கிய அன்றே நங்கையா ஒரு எடை மிஷின் வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் அதில் ஏறி நிற்க வேண்டும். பக்கத்தில் அவர் நிற்பார்.

அண்ணனுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி அதிலிருந்து ஒவ்வொரு வாயாகக் குடிப்பார். எனக்கோ மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் கண் முன்னால் எப்படிக் குடிப்பது? மொட்டை மாடிக்குப் போய்த் திருட்டுத்தனமாகக் குடிப்பேன். ஒரு நாள் பின்னாலேயே படியேறி வந்துவிட்டார்.

"நான் தண்ணியப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கறேன், நீ சோத்தப் பாத்தாத் திருப்பிக்கற. எதுக்கு ஒளிஞ்சுக்கோணும், இங்கயே உக்காந்து குடி" என்றார். குடிக்கும்போது என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உணவுத் திட்டம் நானே போட்டுக்கொண்டது. காலையில் கொள்ளுத் தண்ணீர். மதியம் ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். ராத்திரிக்கு மோர். எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறேனோ அவ்வளவு சீக்கிரம் முடியும் என்பது என் கணக்கு. முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது. இரண்டாம் வாரம் இருநூறு கிராம். மூன்றாம் வாரம் ஒன்றுமே இல்லை.

பசி என்றால் வயிறு இரைவது என்று நினைத்திருந்தேன். அது முதல் நாலு நாள்தான். அப்புறம் அது கைக்கு வந்தது, விரல் நடுங்கியது. தலைக்கு வந்தது. படியில் பாதி ஏறியபின் எதற்கு ஏறினோம் என்று மறந்துபோகும். குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டக்கூடக் கை தூக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன். பகலெல்லாம் குளிர் எடுத்தது, நம்ம ஊர் வெயிலில். எல்லாவற்றையும்விட மோசம், அது குணத்துக்கு வந்ததுதான்.

இவ்வளவு பட்டினி கிடந்தும் ஏன் இறங்கவில்லை? எனக்குச் சமையல் மேல் சந்தேகம் வந்தது. நங்கையா தாராளமாக எண்ணெய் ஊற்றுகிறவர். என் பொரியலில் எண்ணெயே இல்லை என்று சொல்கிறார், ஆனால் நாக்கில் கடலை எண்ணெய் தட்டுகிறதே. கீழே போய்த் துணியில் குறி போட வைத்திருந்த சாக்குக்கட்டியை எடுத்து வந்தேன். யாரும் பார்க்காதபோது எண்ணெய் டப்பாவில் ஒரு கோடு போட்டேன். மறுநாள் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கு.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கு எதிரே அந்த டப்பா வைக்கப்பட்டிருந்தது, கோடு என் பக்கம் பார்த்தபடி.  நங்கையா பொரியலைப் பரிமாறிவிட்டுப் போய்விட்டார்.

4

இங்கே கிடங்கில் மதிய உணவு முப்பது நிமிடம். எல்லோரும் ஆளுக்கொரு ரொட்டித் துண்டை உறையிலிருந்து எடுத்துத் தனித்தனியாகத் தின்பார்கள். ஒருவர் தின்பதை இன்னொருவர் பார்ப்பதில்லை. டச்சுக்காரர்களிடம் பசிக்கு இரண்டு வார்த்தை உண்டு. போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு வந்தது 'ஹோங்கர்'. மற்றவர்களுக்கு வருவது 'ட்ரெக்', ஏதாவது தின்றால் தேவலை என்கிற நினைப்பு. குழந்தைகள் ஹோங்கர் என்றால் பெரியவர்கள் திருத்துவார்கள். யாழினி என்னைப் போனில் அப்படித்தான் திருத்தினாள். உனக்கு வந்திருப்பது ட்ரெக் அம்மா, தண்ணீர் குடி, போய்விடும் என்றாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

திருப்பூரில் பதினொரு மணிக்கும் நாலரைக்கும் டீ வரும். பசியை மறக்கலாம் என்று நான் பகலில் கீழே போய்ச் செக்கிங் மேசையில் உட்கார ஆரம்பித்திருந்தேன். தைத்து வந்த பனியனில் நூல் பிசிறு, தையல் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. எனக்குப் பழகினதுதான். அந்த மேசைக்குப் பொறுப்பு எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வேலம்பாளையத்தில் குடியிருப்பவர்.

நாலாவது வாரம் ஒரு சாயங்காலம் டீயோடு தேங்காய் பன் வந்தது. ஒரு நாள்தானே என்று ஒன்று எடுத்தேன். மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் மதியத்திலிருந்தே கண் கடிகாரத்தின் மேல்தான் இருந்தது. யாழினி போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருந்தாள். சாப்பிட்டதையெல்லாம் அதில் எழுத வேண்டும். நான் எழுதுவது அவள் போனிலும் தெரியும். வெள்ளரிக்காயை எழுதினேன், பன்னை எழுதவில்லை.

அந்த வாரம் நான் பார்த்து அனுப்பிய ஒரு பெட்டி திரும்பி வந்தது. நாற்பது உருப்படியில் அளவு லேபிள் மாறியிருந்தது. பெரிய அளவில் நடுத்தர லேபிள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பிரித்துத் தைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மிஷினில் ஏறினேன். போன வாரத்தைவிட நானூறு கிராம் கூடியிருந்தது. நங்கையா குனிந்து எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"அம்மிணி, குடுக்கறதுக்கு மனசில்லீன்னாச் சொல்லிப்போடுங்க. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டமுங்க. இப்படி பன்னத் தின்னு தட்டிக் கழிக்க வேண்டீதில்ல" என்றார்.

நான் கத்தியிருக்க வேண்டும். கடல் தாண்டி வந்து பட்டினி கிடக்கிறவளைப் பார்த்து என்ன கேள்வி இது என்று. ஆனால் வாயில் வந்தது வேறு. உங்களிடம் யார் சொன்னது, எஸ்தரா என்று கேட்டேன். அவர் மிஷினைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

அவசர ஆர்டருக்காக அன்றும் கம்பெனி ஓடியது. கீழே போய் எஸ்தரிடமே கேட்டுவிட்டேன். "நான் ஒண்ணுஞ் சொல்லலக்கா. நீங்க பன்னு தின்னத இங்க எல்லாருந்தான் பாத்தாவ" என்றார். அவர் சொன்னது நியாயம்.

அதன் பிறகு அன்று முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. நங்கையா மேல் வந்த கோபம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. தீராதது வேறொன்று. தட்டிக் கழிக்கிறேனா? அண்ணன் பிழைக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன். அதில் பொய் இல்லை. ஆனால் நாலரை மணிக்கு நீள்கிற கை யாருடையது? என் உடம்பு, தன்னிடமிருந்து ஒன்றை வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, எனக்குத் தெரியாமல் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறதோ? கிடங்கில் எத்தனையோ பேருடைய பொய்யை முகர்ந்தே கண்டுபிடிக்கிறவள் நான். என் பசி நிஜமா பொய்யா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

5

நங்கையா ஏன் அப்படிக் கேட்டார் என்பது மறுநாள் டயாலிசிஸுக்குப் போகும் வழியில் காரில் தெரிந்தது. அண்ணன்தான் சொன்னார்.

நங்கையாவுக்குச் சர்க்கரை, அவர் தர முடியாது. எனக்கு முன்னால் அவர்கள் மகன் தினேஷ் தருவதாக இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிறான், இருபத்தேழு வயது. எல்லாப் பரிசோதனையும் நடந்தது. கடைசியில் மருத்துவர்கள் ஒவ்வொரு கொடையாளரிடமும் தனியாகப் பேசுவார்களாம், வீட்டார் யாரும் இல்லாமல். தினேஷ் அந்த அறைக்குள் போய்விட்டு வந்தான். இரண்டு நாள் கழித்து, மருத்துவக் காரணத்தால் மகன் கொடுக்க முடியாது என்று மட்டும் சொன்னார்கள். என்ன காரணம் என்று கேட்டால் அது அவருடைய சொந்த விஷயம் என்றார்கள். நங்கையா அவனுடைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு தெரிந்த லேப்காரரிடம் போய்க் காட்டியிருக்கிறார். பார்த்தவரைக்கும் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து நங்கையா மகனோடு பேசுவதில்லை. அவனும் ஊருக்கு வருவதில்லை.

"அவன் உள்ள என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். உங்க நங்கையாவுக்கு மட்டும் தெரிஞ்சே ஆகோணும்" என்றார் அண்ணன். ஊசி குத்திக் கன்றிப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு, "பன்னுத் திங்கறதுன்னாத் தின்னு சரசு. பசியோட இருக்கறவள வெட்டி எடுத்து நான் என்ன பண்றது" என்றார்.

அந்த வாரமே கோயமுத்தூர் மருத்துவமனையில் உணவு ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். யாழினியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். போனில் நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். பன் எங்கே என்று கேட்டாள். உங்களிடம் யார் சொன்னது என்று கேட்டேன். இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிற எல்லோருடைய கணக்கிலும் எழுதாத பன் ஒன்று இருக்கும் என்றாள்.

அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கொடுக்க விருப்பம் இல்லாததால் பசி எடுக்குமா என்று.

அவள் சிரிக்கவில்லை. "உங்க மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க மேடம். ஆனா காலைல இருந்து நாலு மணி வரைக்கும் ஒரே ஒரு சப்பாத்தியோட இருந்தா யாரா இருந்தாலும் கை நீளும். மொதல்ல சாப்பிடுங்க. சாப்ட்டும் நீண்டுச்சுன்னா அப்பறம் மனசப் பத்தி யோசிக்கலாம்" என்றாள்.

அவள் கொடுத்த திட்டத்தில் நான் சாப்பிட்டதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. காலையில் இரண்டு முட்டையும் ஒரு கம்பு தோசையும். மதியம் தட்டில் பாதி காய், கால் பங்கு கொள்ளோ பச்சைப்பயறோ கடைந்தது, மிச்சம் சோறு. சோற்றை விட வேண்டாம், கடைசியில் சாப்பிடுங்கள் என்றாள். நாலு மணிக்கு, டீ வருவதற்கு அரை மணி முன்னால், வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியும் மோரும். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். தூக்கம் ஏழு மணி நேரம், ஏனென்றால் தூங்காதவர்களுக்கு மறுநாள் பசி அதிகம். வெறும் வயிற்றோடு வேகமாக நடக்காமல் சாப்பிட்ட பிறகு மெதுவாக நடக்க வேண்டும். தலை சுற்றினால் அது வைராக்கியம் இல்லை, நிறுத்திவிட்டு உட்கார்ந்து எதையாவது சாப்பிட வேண்டும். கடைசியாக, வாரத்துக்கு அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ போதும், அதற்கு மேல் இறங்கினால் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாப்பிடச் சொல்லி இளைக்க வைக்கிற வைத்தியத்தை யார் நம்புவார்கள்? நங்கையாவும் நம்பவில்லை. அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் மறுநாள் காலையில் இரண்டு முட்டை வெந்திருந்தது.

பசி போய்விடவில்லை. அதை ஒழுங்காக எழுத வேண்டும், ஊரில் யாராவது இதைப் படித்துவிட்டு ஏமாறக் கூடாது. கடைசி நாள் வரை அது இருந்தது. ஆனால் அதற்கு ஒரு நேரம் வந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு வரும், ஒன்றேகாலுக்குப் போய்விடும். சாயங்காலம் நாலு மணிக்கு வரும், கடலையை மென்று தின்றால் ஒதுங்கிக்கொள்ளும். முன்பு வீட்டுக்குள் திருடன் புகுந்தது போல் இருந்தது. இப்போது நேரத்துக்கு வந்து கதவைத் தட்டுகிற விருந்தாளி போல், எங்கள் பேச்சில் ஒரம்பரை போல், ஆனது. கை நடுக்கம் நின்றது. டீ வரும்போது மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்து ஓடவில்லை. இரண்டு தடவை பன் தின்றேன். இரண்டையும் எழுதினேன்.

ஒன்பதாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை எழுபத்து மூன்றுக்கு நூறு கிராம் குறைவாகக் காட்டியது. நங்கையா என்னை இறங்கச் சொன்னார். தான் ஏறிப் பார்த்தார், மிஷின் சரியாக இருக்கிறதா என்று. அப்புறம் மறுபடி என்னை ஏறச் சொன்னார்.

6

இனி காகிதச் சந்தேகம். நான் வெளிநாட்டுக் குடிமகள் என்பதால் அனுமதிக் குழு முன்னால் போக வேண்டும். நாங்கள் உடன்பிறந்தவர்கள்தான் என்றும், காசுக்காகக் கொடுக்கவில்லை என்றும் அவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும். அண்ணனின் ஆதாரில் அப்பா பெயர் ஒரு விதமாக இருந்தது, என் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாக, டச்சுப் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதமாக. எழுத்து மாறியதால் எங்களுக்கு மூன்று அப்பாக்கள் ஆகிவிட்டார்கள். பழைய குடும்ப அட்டை, வாரிசுச் சான்று, சின்ன வயதில் எடுத்த போட்டோ என்று தேடித் தேடிக் கொடுத்தோம். போட்டோவில் இருக்கும் சட்டையில்லாத பையன் அண்ணன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஓர் அதிகாரி கேட்டார். அண்ணன் போட்டோவில் இருப்பதைப் போலவே முறைத்துக் காட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதற்கு முன்பே அந்தத் தனியறை வந்துவிட்டது. ஒரு பெண் மருத்துவர், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. வெளியே பெஞ்சில் நங்கையா. மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, ஏதாவது தருவதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா இப்பக்கூடச் சொல்லலாம். மருத்துவக் காரணத்தால முடியலைன்னு மட்டும் உங்க வீட்ல சொல்லுவோம். வேற எதுவும் இந்த ரூமை விட்டு வெளியில போகாது."

உடனே சொல்லிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். ஐந்து கிலோ இறங்கப் பட்டினி கிடந்து வந்தவளுக்கு இன்னும் என்ன யோசனை? ஆனால் அந்தக் கணத்தில், எல்லாம் முடிந்து நான் எழுந்து போகலாம், யாருக்கும் தெரியாது, யாழினி சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. வேண்டாம் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தண்ணீர் கேட்டேன். அவர் ஊற்றிக் கொடுத்தார். முழு டம்ளரையும் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன். அதையும் குடித்தேன். அந்த அம்மா அவசரப்படவே இல்லை.

பிறகு, தருகிறேன் என்று சொன்னேன். என்னைச் சொல்ல வைத்தது பாசமா, இத்தனை வார உழைப்பு வீணாகக் கூடாது என்கிற பிடிவாதமா, வெளியே பெஞ்சில் இருந்தவரின் முகமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் சொன்னதுதான்.

7

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. நான்காம் நாள் அண்ணன் பக்கத்து வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தார். கையில் ஒரு லிட்டர் பாட்டில். இனிமேல் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். என் கண் முன்னாலேயே பாதியைக் குடித்துக் காட்டினார், சட்டையெல்லாம் நனைய. யாழினி அன்று கூப்பிட்டாள். முன்கூட்டி நேரம் சொல்லவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். கஞ்சி என்றேன். டச்சில் கஞ்சிக்கு என்ன சொல்வது என்று இருவரும் யோசித்தோம், கிடைக்கவில்லை.

அருள்புரம் திரும்பி மூன்றாம் வாரம். ஒரு மத்தியானம் நானும் நங்கையாவும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அரிசியும் பருப்பும் சாதம். எனக்கு அவர் நெய் விட்டார், நான் தடுக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

"அந்த ரூமுக்குள்ள உங்களையும் கேட்டிருப்பாங்கல்லங்க அம்மிணி?" என்றார்.

கேட்டார்கள் என்றேன்.

"ஒடனே செரின்னுட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு என் மேல் மரியாதை கூடியிருக்கும். அந்த எண்ணெய் டப்பாக் கோட்டைக்கூட மன்னித்திருப்பார். ஆனால் மூன்று மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு அலுத்துவிட்டது.

"இல்லீங்க நங்கையா. ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கற நேரம் ஆச்சு. வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்துரலாம்னுதான் மொதல்ல தோணுச்சு" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"உங்களுக்கு நாப்பத்தெட்டு வயசு. அவனுக்கு இருவத்தேழு" என்றார் கடைசியில்.  எழுந்து கையைக் கழுவிவிட்டு, அலமாரி மேல் இருந்த போனை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போனார். முதல் தடவை மணி அடித்து நின்றது. மறுபடி போட்டார்.

"கண்ணு, சாப்ட்டயா?" என்றார்.

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, எனக்குக் கேட்கவில்லை. நங்கையா வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

தினேஷ் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்தான். பையை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றான். அண்ணன் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நங்கையா விடிகாலையிலிருந்து சமைத்திருந்தார். அவன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டான், மூன்று தடவை சோறு வாங்கினான். அறையில் என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. நாலாம் தடவை அவர் கரண்டியோடு வந்தபோது போதும்மா என்று இலையின் மேல் கையை விரித்தான். நங்கையா அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போட்டார்.